பதில் வந்தால் எரியும் விளக்கு

"திங்கக்கிழமை ஆரம்பிச்சிரலாம்மா. அதுக்குள்ள வீட்டுல எல்லார்கிட்டயும் நல்லாப் பேசிக்குங்க. போன்ல குரலைப் பதிவு பண்ணி வச்சுக்கிட்டாலும் நல்லது. நிறையப் பேர் அப்படிச் செய்றாங்க" என்றாள் டாக்டர் ஃபர்ஹானா, ஊருக்குப் போகிறவளிடம் குடையை மறந்துவிடாதே என்று சொல்வதுபோல.

செண்பகவல்லி அப்போதுதான் மேசையிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். வெந்நீரில் நனைத்து இளக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் வலைத்தகட்டை அவள் முகத்தின்மேல் போட்டு அமுக்கி, அது ஆறி இறுகும்வரை அசையாமல் கிடக்கச் சொல்லியிருந்தார்கள். நெற்றி, மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் அச்சாக விழுந்த அந்த முகமூடி இப்போது பக்கத்து ஸ்டாண்டில் இருந்தது. தினமும் அதை மாட்டி, தலையை மேசையோடு பூட்டி, தொண்டையில் இருக்கும் கட்டிமேல் கதிரைப் பாய்ச்சுவார்கள். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். குரலைப் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை.

"குரல எதுக்குப் பதிவு பண்ணணும்?" என்று கேட்டாள்.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரம் பையோடு நின்ற அவள் கணவர் பூவநாதனைப் பார்த்தாள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கென்றே இருக்கும் தனி வியாதி இது. நோய் ஒருத்திக்கு இருக்கும், பேச்செல்லாம் கூட வந்தவரோடு நடக்கும்.

"சார், நீங்க இவங்ககிட்ட சொல்லலையா?"

பூவநாதன் தொண்டையைக் கனைத்தார். கூட்டுறவுப் பால் சங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் முதலில் கனைப்பார், அப்புறம் வேறு எதையாவது சொல்வார். "உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்" என்றார்.

"நான் உங்களக் கேக்கல. டாக்டரம்மா, எங்கிட்ட சொல்லுங்க. குரலுக்கு என்ன?"

ஃபர்ஹானா சின்னப் பெண். படிப்பு முடித்து வந்து இன்னும் முகத்தில் பயம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கட்டி இருக்கிற இடம் அப்படிம்மா. மேல நாக்கு, கீழ குரல்பெட்டி, ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. கதிரை உள்ள விட்டா ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சுதான் போகும். மேல சாஞ்சா ருசியும் எச்சிலும் போயிரும். கீழ சாஞ்சா குரல் போயிரும், வெறும் காத்துதான் வரும். கட்டி எப்படிச் சாச்சாலும் கரையும், அதுல சந்தேகமே வேண்டாம். எந்தப் பக்கம் சாய்க்கிறதுன்னு துலா முடிவு பண்ணும். உங்களுக்குக் கீழ்ப்பக்கம்னு சொல்லியிருக்கு."

"எதுக்குக் கீழ்ப்பக்கம்?"

"உங்க வாழ்க்கைக்கு ருசிதான் முக்கியம், குரல் அவ்வளவு முக்கியம் இல்லன்னு வந்திருக்கு."

"யார்ட்ட கேட்டு வந்திருக்கு?"

இந்த முறை டாக்டருக்குப் பூவநாதனைப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தாள். செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது.

துலா என்பது அந்த ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் இயந்திரம். முன்பெல்லாம் கதிர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று டாக்டர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார்கள். காத்திருப்பவர்கள் கூட்டம் தாங்க முடியாமல் அந்த வேலையைத் துலாவின் தலையில் கட்டினார்கள். அது வெறுமனே கட்டியைப் பார்த்துக் கணக்குப் போடாது. இந்த மனுஷருக்கு எது இல்லாமல் வாழ முடியாது என்று விசாரித்து, அதைக் காப்பாற்றும். மேடைப் பாடகர் என்றால் குரல், சமையல்காரர் என்றால் நாக்கு, தறிச் சத்தத்தைக் கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கிறவர் என்றால் காது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நியாயமான ஏற்பாடு என்று எல்லோரும் பாராட்டினார்கள். யார் பதில் சொல்கிறார்கள் என்பதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

போன மாதம் அந்த விசாரணை நடந்தபோது, சோதனைக்காகத் தொண்டையில் தசைத்துணுக்கு எடுத்த வலியில் செண்பகவல்லி வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவங்க எப்படிப் பேசுவாங்க என்று செய்தி வாசிக்கும் பெண் மாதிரிக் குரலில் துலா கேட்டது. கணவர் சொன்னார்.

"அவளா? அதிர்ந்து பேசமாட்டா. கல்யாணமாகி வந்த நாளையில இருந்து அவ சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டதில்ல. வாய் இருக்குறதே தெரியாது. ஆனா சமையல்னா அவ கைதான். அவ கைப்பக்குவம் எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது."

கொடுமை என்னவென்றால், அப்போது செண்பகவல்லிக்கு வெட்கமும் சந்தோஷமுமாகத்தான் இருந்தது. கட்டியவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்ததே என்று துண்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். நம் வீடுகளில் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமென்றால் இப்படித்தானே புகழ்வார்கள். சம்பந்தம் பேசுகிற இடத்தில் சொல்கிற அந்தப் பேச்சை இயந்திரம் சத்தியவாக்கு என்று எடுத்துக்கொண்டது. அதற்கு என்ன தெரியும், பாவம்.

"எனக்குக் குரல் வேணும்" என்றாள் செண்பகவல்லி.

"ஏளா, டாக்டர் சொல்றதக் கேளு" என்றார் பூவநாதன். "உயிர் பொழைக்கிறதுதான் முக்கியம். குரலு கிரலுன்னு..."

"உயிரப் பத்தி யாரு பேசுனா? அது எப்படியும் பொழைக்குமாம், அவங்கதான் சொல்லுதாங்களே. நான் குரலக் கேக்கேன். நாக்கு போனாப் போகட்டும்."

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். "நானா மாத்தினா, ஏன் மாத்தினேன்னு மேல ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லணும்மா. எனக்கு வேலையே போனாலும் போயிரும். மறு அளவீடுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு நாள் முழுக்கக் கழுத்துல ஒரு பட்டை போட்டுக்கணும். நீங்க குரலை எவ்வளவு உபயோகிக்கிறீங்கன்னு அது அளக்கும். சனிக்கிழமை வந்து காட்டுங்க. போதுமான அளவு வந்திருந்தா துலாவே மாத்திரும்."

"அவ்வளவுதானா? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கேன்."

"நீங்க மட்டும் பேசினாப் போதாதும்மா. பதில் வரணும். யாரும் பதில் சொல்லாத பேச்சு கணக்குல சேராது. பேச்சுன்னா ரெண்டு பேர் சம்பந்தப்பட்டதுன்னு அதை அப்படிச் செஞ்சிருக்காங்க. பதில் வந்தா பட்டையில பச்சை விளக்கு எரியும். யார் பதில் சொன்னாலும் சரி, ஆஸ்பத்திரி ஆளுங்க மட்டும் கூடாது."

பட்டை லேசாக இருந்தது. ஓரத்தில் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு கோடு, உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி. கோடு புள்ளியைத் தொட வேண்டும். கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு செண்பகவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூவநாதன் தூங்கிக்கொண்டு வந்தார். நல்ல தூக்கம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பட்டையைக் கழுத்தில் மாட்டினாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் அகிலன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு வந்திருந்தான். கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

"காப்பி போடவா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"ம்."

விளக்கு எரியவில்லை. கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தாள். இல்லை, எரியவில்லை. அந்த 'ம்'மை இயந்திரம் ஏதோ இரைச்சல் என்று தள்ளிவிட்டிருந்தது.

"ஏல அகிலா, ராத்திரி நல்லாத் தூங்குனியா?"

அவன் காதில் எதையோ மாட்டியிருந்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரலுக்கும் விளக்கு எரியவில்லை.

பேப்பரை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். கோடு அசையவில்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் கூடுதலாக வேண்டும் என்றாள், அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கணும் என்று கணவரிடம் சொன்னாள். அவர் அண்ணாந்து விசிறியைப் பார்த்தார். பார்த்ததோடு சரி. மத்தியானத்துக்கு என்ன வைக்கட்டும் என்று கேட்டதற்கு மட்டும் "ஏதாவது வையி" என்றார். அப்போது ஒரே ஒரு முறை பச்சையாக மினுங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பதினோரு மணிவாக்கில் தெருவிலிருந்து நாலைந்து பேர் பழத்தோடு பார்க்க வந்தார்கள். அப்பாடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வாங்க, வாங்க மதினி, முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்றாள்.

"ஐயோ, நீங்க பேசாதீங்க மதினி. தொண்டைக்கு ஓய்வு குடுக்கணும்" என்று வாயைப் பொத்தாத குறையாக அடக்கிவிட்டு, அவர்கள் பூவநாதனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எங்கே பார்த்தீங்க, எப்படி வந்தது, டாக்டர் என்ன சொல்றார் என்று எல்லாம் அவரிடம்தான். அவளுடைய கட்டி எவ்வளவு பெரியது என்று அவர் விரலால் காட்டினார். அதுவும் தப்பாகக் காட்டினார். நடுவில் இரண்டு தடவை அவள் திருத்தப் பார்த்தாள். "சும்மா இருங்க மதினி" என்று கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்கள். பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் கோடு அடியிலேயே கிடந்தது. செண்பகவல்லி அடுக்களையில் நின்று அதைக் கைக்கண்ணாடியில் பார்த்தாள். காலையில் அந்த இயந்திரத்தின்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. இப்போது அது திசை மாறிவிட்டது. அது ஒன்றும் பொய் சொல்லவில்லையே. இந்த வீட்டில் அவள் பேசினால் பதில் வராது என்பது இத்தனை வருஷமும் உண்மையாகத்தான் இருந்திருக்கிறது. அவளே கவனிக்கவில்லை. வேலை இருந்துகொண்டே இருந்ததால் கவனிக்க நேரமில்லை.

கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். டிவியை அணைத்தாள்.

"என்னளா?" என்றார் பூவநாதன்.

"எம் பேச்சுக்கு நீங்க ஏன் பதில் சொல்ல மாட்டேங்கீக?"

"என்ன சொல்லணும்?"

பச்சை விளக்கு எரிந்தது.

"அங்கன்வாடி வேலைக்கு ஆள் வேணும்னு சரஸ்வதி டீச்சர் வீடு தேடி வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? நான் அடுப்படியில இருந்தேன். நீங்க வாசல்ல நின்னுக்கிட்டே, அவளுக்கு அதெல்லாம் ஒத்துவராது டீச்சர்னு சொல்லி அனுப்பிச்சீக. எனக்கு ஒத்துவராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அது எந்தக் காலத்துக் கதை? பிள்ளை சின்னவனா இருந்தான்."

விளக்கு எரிந்தது.

"எந்தக் காலமா இருந்தா என்ன? அன்னைக்கு ஏன் உள்ள திரும்பி, வேலைக்குப் போறியான்னு ஒரு வார்த்தை கேக்கல? எங்கம்மாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்குன்னு போன் வந்தப்ப, அவ காலையில வருவான்னு நீங்களா சொல்லி வச்சீக. காலையில போனா முகத்தத் துணி போட்டு மூடியிருந்தாங்க. அதுக்கும் நான் உங்கள ஒண்ணும் கேக்கல. கேக்காம இருந்ததுக்குத்தான் இப்ப எனக்குப் பரிசு குடுத்திருக்கீக, வாய் இருக்குறதே தெரியாதுன்னு!"

"நான் நல்லதாத்தானடி சொன்னேன்! ஊருல போய்க் கேளு, எவனாவது பொண்டாட்டிய இப்படிப் பெருமையாச் சொல்லுவானா?"

"யம்மா, மெதுவாப் பேசும்மா. தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்று அகிலன் எழுந்து வந்தான்.

"நீ வாயத் தொறந்துட்டியா? வா, நீயும் வா. காலையில இருந்து உங்கிட்ட எத்தன தடவ பேசுனேன்?"

"ஆபீஸ் வேலை இருந்ததும்மா..."

கோடு விறுவிறு என்று ஏறிக்கொண்டிருந்தது. விளக்கு விட்டுவிட்டு எரிந்ததில் அவள் கழுத்தே பச்சையாகத் தெரிந்தது. தொண்டைக்குள் யாரோ அரம் வைத்து ராவுகிற வலி. அவள் நிறுத்தவில்லை. பேசிய ஒவ்வொன்றுக்கும் அவர் எகிறினார், அவர் எகிறியதற்கெல்லாம் கோடு ஏறியது. கல்யாணமானதிலிருந்து அவர்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை.

அப்போதுதான் பூவநாதன் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். பேச்சு தனக்கு எதிராகத் திரும்புகிறது என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்புறம் நாள்கணக்கில் பேசமாட்டார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

"எங்க போறீக?"

அவர் பொத்தானைப் போட்டார்.

"ஏங்க, இது என்னன்னு உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னப்ப நீங்களும்தான் நின்னீக. நீங்க பதில் சொன்னா எனக்குக் குரல் இருக்கும். சொல்லாமப் போனா இருக்காது. என்னத் திட்டுங்க. கெட்ட வார்த்தையில வேணும்னாலும் திட்டுங்க. ஆனா வாயத் தொறந்து திட்டுங்க."

பூவநாதன் நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றார். கழுத்தில் இருந்த பட்டையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம், இத்தனை வருஷ வீம்பு. பொண்டாட்டி சொல்லி நான் பேசுவதா என்று நினைத்தாரோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விளக்கு அணைந்தது. அகிலன் "அப்பாவக் கூட்டிட்டு வாறேன்" என்று பின்னாலேயே ஓடினான். செண்பகவல்லி தெருவுக்கு வந்து யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் வெந்நீர் குடித்துக் குடித்துக் கொஞ்சம் குரல் திரும்பியிருந்தது. மூன்று பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காத்திருக்கும் கூடத்தில் நிற்க இடமில்லை. கழுத்தில் கட்டுப் போட்டவர்கள், மூக்கில் குழாயோடு இருப்பவர்கள், வாய்க்குக் குறுக்கே துண்டு பிடித்தவர்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் பதில் சொல்வதற்கு என்று ஒரு ஆள். செண்பகவல்லி கணவரையும் மகனையும் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

ஃபர்ஹானா பட்டையைப் பார்த்தாள். முகம் வாடியது. "கொஞ்சம்தாம்மா குறையுது."

"கொஞ்சம்னா?"

"இன்னும் கொஞ்ச நேரம் யாராவது பேசியிருந்தா வந்திருக்கும்."

"பேசுறதுக்கு ஆள் இருந்துச்சு டாக்டரம்மா. சட்டையப் போட்டுட்டுப் போயிட்டாரு." செண்பகவல்லியின் குரல் கிழிந்திருந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தன நாள் பேசாம இருந்தேன்னா, இனிமேலும் பேச மாட்டேன்னு அர்த்தமா? ஆடாதவனுக்குக் கால் எதுக்குன்னு வெட்டிருவீகளா? நான் இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்ல. நேத்துதான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுதீக."

ஃபர்ஹானாவின் கை பட்டையின் கொக்கியில் இருந்தது. கழற்றிவிட்டால் அளவு முடிந்துவிடும். அவள் கழற்றவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு முதல்ல உங்களைப் பாத்துக் கேட்டிருக்கணும். நான் அவரைப் பாத்தேன். என் தப்பும்மா" என்றாள். அதற்கு விளக்கு எரியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பேச்சு கணக்கில் சேராதே. அவள் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். "கழட்டுற வரைக்கும் அளந்துக்கிட்டுத்தான் இருக்கும். நான் கழட்டல. வெளியில போய் நில்லுங்க."

செண்பகவல்லி கூடத்தின் நடுவில் போய் நின்றாள். பக்கத்தில் தாடையில் கட்டுப் போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எதை எடுக்கப் போறாங்களாம்?" என்று கேட்டாள்.

"காதாம்" என்றாள் அந்த அம்மாள். பச்சை விளக்கு எரிந்தது. "வலது காது கேக்காமப் போயிருமாம்."

"யாரு சொல்லி?"

"எம் மவன்தான் சொன்னான். அம்மாகிட்ட வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, அதனால காது பரவால்லன்னு. எனக்கு ரேடியோ கேக்கணும். அதக் கேட்டுக்கிட்டுத்தான் நான் பூக் கட்டுவேன். அவனுக்கு அது தெரியாது."

"எனக்கு நாக்கு" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். "என்ன வச்சாலும் பேசாமச் சாப்பிட்டுட்டுப் போயிருவாருன்னு எம் பொண்டாட்டி சொல்லிட்டா. நல்லா இல்லன்னு சொன்னா சண்டை வரும்னுதானய்யா பேசாமச் சாப்பிட்டேன்!"

"அதுக்கு நான் என்ன செய்ய? கேட்டா 'நல்லாருக்கு'ன்னுதானே சொன்னீரு?" என்று பக்கத்திலிருந்த அவர் மனைவி சீறினாள்.

"ஏம்மா, சாப்பாட்டப் பத்திக் கேட்டீக, சரி. நாக்கு வேணுமான்னு அவரக் கேட்டீகளா?" என்றாள் செண்பகவல்லி. அதற்கு அந்த அம்மாள் ஒரு பதில் சொன்னாள், பெரியவர் ஒரு பதில் சொன்னார், பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி எழுந்து எனக்கும் இதேதான் என்று கத்தினாள். கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. நோயாளிகள் கூட வந்தவர்களைக் கேட்டார்கள், கூட வந்தவர்கள் துலாவைத் திட்டினார்கள், பேச முடியாதவர்கள் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்கள். நர்ஸ் வந்து "சைலன்ஸ், சைலன்ஸ்" என்று கத்திப் பார்த்தாள். எவன் கேட்டான்? இவ்வளவு நாள் இருந்த சைலன்ஸ் போதாதா?

பூவநாதன் தூண் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் தன் மனைவிக்குப் பதில் சொல்வதைப் பார்த்தார். அவர் பதில் இல்லாமலேயே கோடு சிவப்புப் புள்ளியைத் தொட்டது.

ஃபர்ஹானா பட்டையைக் கழற்றினாள். "துலா மேல்பக்கம் சாச்சிருச்சும்மா. ருசி போயிரும், எச்சில் சுரக்காது. தண்ணி பாட்டில் இல்லாம நீங்க எங்கயும் போக முடியாது. அது திரும்பி வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

"தெரியும். கேட்டுக்கிட்டேன். நானே சொல்லுதேன், போகட்டும்" என்றாள் செண்பகவல்லி.

அடுத்து வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல நன்றாக இருக்காது. முகமூடிக்குள் தலை பூட்டிக் கிடப்பாள், அசைய முடியாது, வாயைத் திறக்க முடியாது. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. வாயெல்லாம் புண். கஞ்சியைக்கூடக் கண்ணீரோடுதான் விழுங்கினாள். பாதி ஆளாக இளைத்துப்போனாள். ஆனால் கட்டி கரைந்தது. கொஞ்சம் கரகரப்போடு குரல் இருந்தது. யாராவது நலம் விசாரித்தால் அவளே பதில் சொன்னாள். கட்டியின் அளவையும் அவளே சரியாகக் காட்டினாள்.

சித்திரை வாக்கில் மறுபடியும் அடுக்களைக்கு வந்தாள். நாக்கு காகிதம் மாதிரி இருந்தது. புளியும் தெரியாது, உறைப்பும் தெரியாது. கைப்பழக்கத்தில் கண்ணளவாகப் போட்டுக் குழம்பு வைத்தாள். அவளுக்குத் தெரியாது என்பதால் தினமும் கணவரைக் கேட்டாள். "எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றார் பூவநாதன். முன்பெல்லாம் அதுகூட வராது. இப்போது சொல்கிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் மனசு இறங்கியிருந்தது. தினமும் நல்லாருக்கு என்று சொல்லித் தட்டைத் துடைத்த மாதிரிச் சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அகிலன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். அப்பாவோடு உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தான். மென்றவன் நிறுத்தினான்.

"என்னம்மா இது? உப்பே இல்ல."

செண்பகவல்லி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு பிசைந்துகொண்டிருந்தார்.

"எத்தன நாளா இப்படி?"

அவர் கனைத்தார்.

"கனைக்காதீக. எத்தன நாளா?"

"நீ சமைக்க ஆரம்பிச்சதுல இருந்தே அப்படித்தான். ஒருநாள் உப்பு இருக்காது, ஒருநாள் வாயில வைக்க முடியாது. சொன்னா நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான்..."

"நான் கஷ்டப்படுவேன்னு அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீகளா?" தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துக்கொண்டாள், பேச்சு நீளமாக இருந்தது. "அத்தன பேர் முன்னால தொண்டை கிழியக் கத்தி நான் இந்தக் குரல வாங்கிட்டு வந்தது, தினமும் எப்படி இருக்குன்னு கேட்டுப் பொய்யான பதில வாங்குறதுக்கா? என் நாக்கப் போட்டுட்டு வந்துட்டேன். இந்த வீட்டுல இருக்கிற ஒரே நாக்கு உங்களுது. அதையும் பூட்டி வச்சுக்கிட்டா நான் எதை வச்சுச் சமைக்க?"

உப்பு ஜாடியைக் கொண்டுவந்து குழம்புச் சட்டி பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறந்து, விரலால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் போட மாட்டேன்."

அகிலன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். பூவநாதன் ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஆணியில் தொங்கிய சட்டையை ஒரு தடவை பார்த்தார்.

"ரெண்டு சிட்டிகை போடு" என்றார். அப்புறம் இன்னொரு வாய் வைத்துக்கொண்டு, "இல்ல, மூணு. புளியும் தூக்கலாத்தான் இருக்கு" என்றார்.

செண்பகவல்லி மூன்று சிட்டிகை போட்டுக் கிண்டினாள். "அப்புறம்?" என்றாள்.